நேர்மின்வாயா, எதிர்மின்வாயா? – மின்வேதியியலில் ஒரு சொல் செய்யும் குழப்பம்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை வேதியியல் பட்டப்படிப்புக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்திருக்கும். இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். வீட்டில் தமிழில் விளக்கம் தேடினால் கையில் கிடைப்பது தமிழ்நாட்டுப் பாடநூலோ இலங்கைப் பாடநூலோதான். ஆக, ஒரே பாடத்துக்கு நாலு வகைச் சொற்கள். இதில் மற்ற பாடங்களைவிட மின்வேதியியல்தான் பிள்ளைகளை அதிகம் சுற்றவிடுகிறது. பாடம் கடினம் என்று எல்லாரும் சொல்கிறோம். பாதிச் சிக்கல் பாடத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிக்கல் வெளியே தெரிவது பெரும்பாலும் கோடைப் பயிற்சியில்தான். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து இந்தியாவில் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆண்டுதோறும் இரண்டு மாதக் கோடை ஆய்வு வாய்ப்பு தருகின்றன. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மலேசியாவில் நமக்குக் கோடை ஏது? இங்கே நீண்ட விடுமுறையும் தொழிற்பயிற்சியும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். எட்டு வாரம் என்பது குறைந்த நேரம். அதில் முதல் இரண்டு வாரம் ‘எது அனோடு, எது கேத்தோடு’ என்று தடுமாறுவதிலேயே போனால் மிச்சம் என்ன இருக்கும்?

சரி, சொல்லுக்கு வருவோம். மைக்கேல் ஃபாரடே 1834-ல் மின்பகுப்பு ஆய்வை எழுதும்போது பழைய சொற்களில் அவருக்குத் திருப்தி இல்லை. மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நாளைக்குக் கருத்து மாறினாலும் பொய்யாகாத சொல் அவருக்கு வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் வெவெல் கிரேக்கத்திலிருந்து ‘அனோடு’, ‘கேத்தோடு’ என்ற சொற்களை எடுத்துக் கொடுத்தார். மேலே போகும் வழி, கீழே போகும் வழி என்று பொருள். சூரியன் உதிக்கும் பக்கம், மறையும் பக்கம் என்ற கற்பனைதான் அடிப்படை. இரண்டு சொல்லிலும் கூட்டல் குறியும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை. அது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்தது.

தமிழில் என்ன செய்தோம்? எலெக்ட்ரோடுக்கு ‘மின்வாய்’ என்றார்கள். அருமையான சொல். வாய் என்றால் வாயில், உள்ளே வெளியே போகும் இடம். கிரேக்க மூலத்துக்கும் அதுவே பொருத்தம். இதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த அடியில் சறுக்கல். அனோடு ‘நேர்மின்வாய்’ (சில நூல்களில் நேர்மின்முனை), கேத்தோடு ‘எதிர்மின்வாய்’ என்று ஆனது. ஃபாரடே கவனமாக வெளியே நிறுத்திய குறியை நாம் பெயருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

இந்தப் பெயர் தாங்குமா என்று மூன்று இடங்களில் சோதித்துப் பார்ப்போம்.

முதல் இடம், படிவம் 5 வேதியியலின் முதல் அத்தியாயம். உருகிய ஈய புரோமைடை மின்பகுக்கும்போது அனோடு மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்திருக்கிறது. அங்கே புரோமைடு அயனி எலெக்ட்ரானை இழந்து பழுப்பு நிற வாயுவாகிறது. ‘நேர்மின்வாய்’ சரியாகப் பொருந்துகிறது. அதே அத்தியாயத்தில் துத்தநாகமும் செம்பும் வைத்த வோல்ட்டா கலத்தைப் பாருங்கள். துத்தநாகம் கரைந்து எலெக்ட்ரானைத் தகட்டில் விட்டுவிட்டுப் போகிறது. ஆக்சிஜனேற்றம் நடப்பதால் அதுதான் அனோடு. எலெக்ட்ரான் சேர்வதால் அது எதிர்முனை. ‘நேர்மின்வாய் எதிர்முனையாக இருக்கிறது’ என்று தமிழில் எழுத வேண்டி வருகிறது! படிக்கிற பிள்ளைக்கு இது விடுகதை மாதிரி இருக்காதா?

இரண்டாவது, கையிலிருக்கும் கைப்பேசி. பயன்படுத்தும்போது மின்கலத்தின் கிராஃபைட்டு முனை ஆக்சிஜனேற்றம் அடைகிறது, எனவே அனோடு. மின்னூட்டும்போது அதே முனையில் ஒடுக்கம் நடக்கிறது, எனவே கேத்தோடு. ஆனால் இரண்டு நேரத்திலும் அது எதிர்முனைதான். குறி மாறவில்லை, வேலை மாறுகிறது. (தொழில்துறையில் கிராஃபைட்டை எப்போதும் அனோடு என்றே எழுதுவார்கள். அது மின்கலம் மின்சாரம் தரும் நேரத்தை வைத்துச் சொல்லும் வழக்கம்.)

மூன்றாவது இடம்தான் கோடைப் பயிற்சி மாணவரைக் கவிழ்க்கும் இடம். சுழற்சி வோல்ட்டாமெட்ரி என்ற முறையில் கண்ணாடிக் கார்பன் மின்வாயை அலுமினாத் தூளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தேநீர்க் கரைசலில் முக்கி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி, பிறகு இறக்குவார்கள். ஏறும்போது தேயிலையின் கேட்டகின்கள் எலெக்ட்ரானை இழக்கும், அப்போது அந்த மின்வாய் அனோடு. இறங்கும்போது, உண்டான குவினோன்கள் எலெக்ட்ரானைத் திரும்பப் பெறும், அதே மின்வாய் இப்போது கேத்தோடு. சில நிமிடத்துக்குள் ஒரே கம்பி இரண்டு பெயரும் எடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒப்பீட்டு மின்வாயோடு ஒப்பிட்டால் மின்னழுத்தம் கூட்டல் குறியில் இருக்கும்போதே ஒடுக்கம் நடக்கலாம். ‘நேர்’ என்ற முன்னொட்டை நம்பி வந்த மாணவருக்கு வரைபடத்தில் எந்த முகடு எது என்றே தெரியாது.

இலங்கையார் இங்கே வேறு வழி போனார்கள். அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொண்டார்கள். தூய தமிழ் இல்லைதான். ஆனால் தவறான செய்தி எதையும் அந்தச் சொல் சொல்வதில்லை. ஒடுக்கத்துக்கு அவர்கள் ‘தாழ்த்தல்’ என்பார்கள், மலாய்ப் பாடத்தில் வரும் ‘பெனுருனான்’ என்ற சொல்லும் தாழ்த்துவதையே குறிக்கிறது. நம் மாணவர் மலாயில் அனோட், காதோட் என்றே படிக்கிறார். ஆகவே மலேசிய வகுப்பறைக்கு இலங்கை வழியே கிட்டத்தில் இருக்கிறது.

சொல் வழிதவறவைப்பது தேயிலைத் தொழிற்சாலையிலும் உண்டு. 1929-ல் தொடங்கிய போ தோட்டமாகட்டும், 1933-ல் தொடங்கிய பாரத் தோட்டமாகட்டும், கறுப்புத் தேயிலை செய்யும் முறை ஒன்றுதான்: கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, காற்றில் நிறம் மாற விடுவது, உலர்த்துவது. நிறம் மாறும் கட்டத்தை நம் கட்டுரைகள் ‘நொதித்தல்’ என்று எழுதுகின்றன. நொதித்தல் என்றால் மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் செய்யும் வேலை. இங்கே அப்படி எதுவும் இல்லை. இலை நசுங்கியதும் அதன் சொந்த நொதி, கேட்டகினின் எலெக்ட்ரானை எடுத்துக் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. தியாஃபிளேவினும் தியாரூபிகினும் உண்டாகி இலை செம்பு நிறமாகிறது. இது முழுக்க ஆக்சிஜனேற்றம். சரியான பெயரைச் சொல்லியிருந்தால், தோட்டத்துப் பிள்ளைக்குப் படிவம் 5 பாடத்தின் முதல் எடுத்துக்காட்டு வீட்டு வாசலிலேயே கிடைத்திருக்கும். வோல்ட்டாமெட்ரியில் பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் ஏன் வேறுபாடு தெரிகிறது என்பதும் உடனே விளங்கும். கறுப்புத் தேயிலையில் கேட்டகின்களின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, அவ்வளவுதான்.

‘பழகிய சொல், மாற்றினால் குழப்பம் கூடும்’ என்று சிலர் சொல்வார்கள். மின்பகுப்பு மட்டும் படித்து நிறுத்துபவருக்கு அது நியாயம். மேலே படிக்கப் போகிறவருக்கு இல்லை. பழைய நூல்களை எரிக்கச் சொல்லவில்லை. வகுப்பில் அனோடு, கேத்தோடு என்றே சொல்வோம். தமிழ் விளக்கம் வேண்டுமானால் ‘ஆக்சிஜனேற்ற மின்வாய்’, ‘ஒடுக்க மின்வாய்’ என்று வேலையை வைத்துச் சொல்வோம். மின்வாய் என்ற நல்ல சொல்லும் பிழைக்கும்.

தேர்வு எழுதும் மாணவர்கள் மூன்று கேள்வியை இந்த வரிசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எலெக்ட்ரானை இழப்பது எங்கே? அதுவே அனோடு. அனோடு, ஆக்சிஜனேற்றம்: ஒன்று ‘அ’, மற்றது ‘ஆ’. குறிலும் நெடிலும் ஓரினம், மறக்காது.
2. கலம் மின்சாரம் தருகிறதா, வாங்குகிறதா?
3. தந்தால் அனோடு எதிர்முனை. வாங்கினால் அனோடு நேர்முனை.

குறி கடைசியில் வரட்டும். விடைத்தாளில் ‘துத்தநாகம் எதிர்முனை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், ‘துத்தநாகத்தின் நியம மின்னழுத்தம் செம்பைவிடக் குறைவு, அதனால் அது எலெக்ட்ரானை இழக்கிறது’ என்று காரணத்தையும் எழுதுங்கள். −0.76 வோல்ட், +0.34 வோல்ட், வேறுபாடு 1.10 வோல்ட்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ‘அனோடு நேரா, எதிரா?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் கொடுக்காதீர்கள். ‘எந்தக் கலத்தில்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பழகிவிட்டால், நாளை எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போனாலும் நம் பிள்ளை முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.