சான்றிலிருந்து சாட்சிக்கு: பி. சாய்நாத்தின் புலனாய்வு எழுத்துகள்

ஆய்வுச்சுருக்கம்

பி. சாய்நாத்தின் 1996, 2022ஆம் ஆண்டு நூல்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. அரசின் கணக்கைச் சரிபார்ப்பதில் தொடங்கிய அவரது எழுத்து, அரசின் வரையறைகளையே வினவும் நிலைக்கு நகர்ந்தது. அந்நகர்வில் மக்கள், ஆசிரியரின் வாதத்துக்கான சான்று என்னும் நிலையிலிருந்து, தம் வாழ்வுக்குத் தாமே சாட்சி கூறுவோர் என்னும் நிலையை எய்தினர் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சாய்நாத், புலனாய்வு இதழியல், புனைவல்லாத எழுத்து, சான்று, சாட்சி

முன்னுரை

1957இல் சென்னையில் பிறந்த சாய்நாத், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, 1980இல் யுஎன்ஐ செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் மும்பையின் பிளிட்ஸ் வார இதழில் துணை ஆசிரியராகப் பணியாற்றினார். 1993இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நல்கையைப் பெற்று, மிக வறிய மாவட்டங்களில் தங்கி அவர் எழுதிய கட்டுரைகளே ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ (1996) என்னும் நூலாயின. இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அம்மாவட்டங்களுள் அடங்கும். இவ்வெழுத்தின் துணிவைப் போற்றுதல் எளிது; அதன் உரைநடை எவ்வாறு இயங்குகிறது எனக் கேட்பதே திறனாய்வின் பணி.

கோப்பும் களமும்

வறுமையை நிகழ்வாக அன்றித் தொடர் செயல்முறையாகக் காண வேண்டும் என்பது முதல் நூலின் அடிப்படை. பட்டினிச்சாவு நேரும்போது மட்டும் வந்து செல்லும் இதழியலுக்கு இது மறுப்பு. கோப்பு கூறுவதையும் களம் காட்டுவதையும் அருகருகே நிறுத்துவதே இதன் உத்தி. ஒடிசாவின் நுவாபடா மாவட்டத்துக் கோம்னா பகுதியில் ஜெர்சி கலப்பினத்தைப் பெருக்குவதற்காக உள்ளூர்க் காளைகளுக்குக் காயடிக்கப்பட்டது. தீவனத்துக்காகச் சவுண்டல் மரங்கள் நடப்பட்டன. முடிவில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க கன்றுகளே. அழிந்ததோ கரியார் என்னும் உள்ளூர் இனம். இதனை விவரிக்கும் சாய்நாத் சினத்தை வெளிக்காட்டுவதில்லை; அலுவலகக் குறிப்பின் தொனியிலேயே எழுதிச் செல்கிறார். அங்கதம் அத்தொனியில்தான் பிறக்கிறது.

இவ்வுத்தியின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. வாசகர் நினைவில் நிற்பது திட்டத்தின் அபத்தமே. மாட்டை இழந்தவர் அதனை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது அன்று. மக்கள் பேசுகின்றனர், ஆயினும் அவர்தம் பேச்சு ஆசிரியரின் வாதத்துக்குச் சான்றாகவே அமைகிறது. விதிவிலக்குகளும் உண்டு. அறிவொளி இயக்கத்தின்வழி மிதிவண்டி ஓட்டக் கற்ற புதுக்கோட்டைப் பெண்கள், அதன் பொருளைத் தாமே விளக்குகின்றனர். பலாமு மாவட்டத்தில் வறட்சி நிவாரணத்தைக் குறிக்கும் ‘மூன்றாம் பயிர்’ என்னும் தொடரும் களத்திலிருந்து பெறப்பட்டதே. இராமநாதபுரத்தின் ‘தரகர்’ என்னும் சொல்லை ஆங்கிலத்திலும் அவ்வாறே வைத்திருப்பதும் நோக்கத்தக்கது. கடன் கொடுப்பவரும் விளைச்சலை விற்றுத் தருபவரும் ஒருவரே ஆகும்போது, ஆங்கிலத்தின் ‘புரோக்கர்’ போதாது.

எண்ணும் வரையறையும்

2004 முதல் 2014 வரை தி இந்து நாளிதழின் ஊரக விவகார ஆசிரியராக இருந்த காலத்தில், விவசாயிகளின் தற்கொலைகளைக் குறித்து அவர் தொடர்ந்து எழுதினார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களே அவருக்கு ஆதாரம். ஆயினும் நிலப்பட்டா தம் பெயரில் இல்லாத பெண்கள் ‘விவசாயி’ எனக் கணக்கில் சேர்வதில்லை என்பதை அவர் சுட்டினார். இஃது ஒரு திருப்புமுனை எனலாம். கணக்கு சரியா என்னும் வினா, யாரைக் கணக்கிடுகிறோம் என்னும் வினாவாக இங்கு மாறுகிறது.

சாட்சிகள்

‘தி லாஸ்ட் ஹீரோஸ்’ (2022) அவ்வினாவை விடுதலைப் போராட்ட வரலாற்றுக்குக் கொண்டுசெல்கிறது. கோம்னா அமைந்த அதே நுவாபடாவின் சாலிஹா சிற்றூரில், தந்தையைச் சுட்ட ஆங்கிலேய அதிகாரியைத் தடிகொண்டு தாக்கியவர் தேமதி தேய். முதுமையில் அவரிடம் எஞ்சியிருந்த சான்றிதழ், அவரைவிட அவர் தந்தையைப் பற்றியே மிகுதியாகக் கூறியது. சான்று பொய்த்த இடத்தில் சாட்சியின் சொல்லே வரலாறாகிறது. மறுபுறம், பல்லாண்டு சிறையிருந்த என். சங்கரய்யா, தகுதியிருந்தும் தியாகிகள் ஓய்வூதியத்தை மறுத்தவர். வரையறைக்குள் இடம்பெறாதவரையும், அதற்குள் இருந்தும் அதன் பயனைத் துறந்தவரையும் ஒரே நூல் அருகருகே வைக்கிறது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. புருலியாவின் பவானி மஹதோ, தமக்கும் போராட்டத்துக்கும் தொடர்பில்லை, சமைத்தது மட்டுமே தம் பணி என்கிறார். தலைமறைவுப் போராளிகளுக்கும் அவரே உணவளித்தார் என்பதை உணர்ந்த சாய்நாத், அவரையும் போராளியாகக் கொள்கிறார். அவர் ஏற்காத அடையாளத்தை ஆசிரியர் வழங்குவது, சாட்சியின் சொல்லுக்கு மேலாகத் தம் தீர்ப்பை நிறுத்துவதாகாதா? ஆகலாம். ஆனால் முதல் நூலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பவானியின் மறுப்பு இங்கு மறைக்கப்படவில்லை. ஆசிரியர் தம் முடிவை எட்டிய உரையாடலும் வாசகர் முன் வைக்கப்படுகிறது. எனவே வாசகர் ஆசிரியருடன் முரண்படவும் இடமுண்டு.

முடிவுரை

சாய்நாத்தின் கால் நூற்றாண்டு நகர்வு, கருப்பொருளின் மாற்றம் அன்று. பேசுவோருக்கு உரைநடை அளிக்கும் இடத்தின் மாற்றம். 2014இல் அவர் நிறுவிய பாரி இணையதளம் தமிழிலும் வெளிவருவது இந்நகர்வின் தொடர்ச்சியே. இராமநாதபுரத்தில் தமிழில் கூறப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை மீண்டும் தமிழுக்கு வரும்போது, பேசியவரின் குரல் எவ்வளவு மீள்கிறது என்பது தமிழாய்வு இனி மேற்கொள்ளத்தக்க வினா.