கணினிக் காட்சியிற் பண்டைய எகிப்து

தொல்பொருளியல் நிலத்தை அகழ்ந்து பெறும் அறிவு. எனினும், அகழ்ந்தவர் ஒழிந்த ஏனையோர்க்கு அவ்வறிவு நெடுங்காலம் நூல்வழியும் படவழியுமே எட்டிவந்தது. அண்மையில் இந்நிலை மாறியுள்ளது. 2018ஆம் ஆண்டில் பண்டைய எகிப்தைப் பற்றிய இரு கணினிப் படைப்புகள் வெளிவந்தன. ஒன்று, யூபிசொப்ற் என்னும் பிரெஞ்சு நிறுவனம் தான் 2017இல் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட்: ஒரிஜின்ஸ்’ என்னும் விளையாட்டிலிருந்து சண்டையையும் கதையையும் நீக்கிக் கல்விக்கென அமைத்த ‘டிஸ்கவரி டூர்’. மற்றையது, அரசி நெபெர்த்தாரியின் கல்லறையைத் தலையில் அணியும் காட்சிக்கருவி வாயிலாகக் காட்டும் ‘நெபெர்த்தாரி: ஜேர்னி ரு எற்றேர்னிற்றி’. இரண்டும் கண்ணைக் கவர்வன. இரண்டையும் புகழ்ந்தோர் பலர். ஆயின் இவ்விரண்டையும் ஓரினமாக வைத்துப் புகழ்தல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் கல்லறையை நோக்குக. நெபெர்த்தாரி இரண்டாம் இராமேசசு மன்னனின் பட்டத்தரசி. அவளது கல்லறையை இத்தாலிய ஆய்வாளர் எர்ணெஸ்தோ ஸ்கியாப்பரெல்லி 1904இற் கண்டுபிடித்தார். பழங்காலத்திலேயே கள்வர் புகுந்து பொருள்களைக் கவர்ந்துவிட்டமையால், பெரிதும் எஞ்சியது சுவரோவியமே. அதற்கும் கேடு வந்தது. பாறையிலுள்ள உப்பு ஈரத்திற் கரைந்து, சாந்தின் பின்னே மீண்டும் படிகமாகி, ஓவியத்தையும் சாந்தையும் ஒருங்கே வெளித்தள்ளிற்று. அமெரிக்காவின் கெற்றி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்தியத் தொல்பொருட் பகுதியினரும் 1986 முதல் 1992 வரை அதனைச் செப்பனிட்டனர். 1995இற் பொதுமக்களுக்குத் திறந்தபோது நாளொன்றுக்கு 150 பேரையே உள்ளே விட்டனர். காண வருவோரின் மூச்சும் வியர்வையுமே அவ்வோவியங்களுக்குப் பகை. ஆதலின், உள்ளே புகாமலே காணும் வழியொன்றை வகுத்தல் இங்கு வெறுங் கேளிக்கையன்று.

அவ்வழிக்கு அடிப்படையாயது ஒளிப்பட அளவியல். ஒரு புள்ளியை வெவ்வேறிடங்களில் நின்று எடுத்த படங்களிற் கண்டு, அப்பார்வைக் கோடுகள் சந்திக்கும் இடத்தைக் கணித்தால் அப்புள்ளியின் நிலை தெரியவரும். நில அளவையாளர் அறிந்த முறையே இது. 1858இல் வெற்சுலார் தேவாலயத்தின் உயரத்திலிருந்து அளவெடுக்கையில் விழுந்துவிட இருந்த பிரசியக் கட்டடக்கலைஞர் ஆல்பிரெக்ற் மைடன்பவர், அதன் பின்னரே, ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படத்திலிருந்து அளந்தாலென்ன என்று சிந்தித்தார் என்பர். இன்று ஆயிரக்கணக்கான படங்களைக் கணினி தானே ஒப்பிட்டு, இலட்சக்கணக்கான சிறு முக்கோணங்களாலான மேற்பரப்பொன்றை ஆக்கிவிடுகின்றது. அதனை ‘கேம் எஞ்சின்’ எனப்படும் விளையாட்டு இயக்கி ஏற்று, காண்பவர் தலை திரும்புந்தோறும் காட்சியைப் புதிதாக வரைகின்றது. செக்கனுக்குப் பல பத்துமுறை வரையவேண்டியிருத்தலின், முக்கோணங்களைக் குறைத்து, நுண்மேடு பள்ளங்களை ஒளி நிழலாற் போக்குக் காட்டுவது வழக்கம். ஒளிப்படக் கருவி எட்டாத மூலைகளைக் கணினி ஊகித்து நிரப்புவதும் உண்டு. இக்குறைகள் இருப்பினும், கல்லறைக் காட்சியிற் காணப்படும் வண்ணமும் வெடிப்பும் உதிர்ந்த இடமும் கருவியின் முன் உண்மையில் இருந்தவை. அது சான்றிலிருந்து பிறந்த காட்சி.

யூபிசொப்ற் காட்டும் எகிப்தோ வேறுவகை. கிளியோபாத்திராவின் காலத்து அலெக்சாந்திரியா, மெம்பிசு, கீசா, நைல் நதிக்கரை வயல்கள் என விரியும் அந்நாட்டை 75 சுற்றுலாக்கள் வாயிலாகச் சுற்றிவரலாம். அதன் சிறப்பை மறுத்தல் நேர்மையன்று. தனித்தனிக் கோயிலையும் சிலையையும் படத்திற் கண்ட மாணவன், அவற்றைச் சூழ்ந்து மக்கள் உழுததையும் நெய்ததையும் ஈமக்கடன் ஆற்றியதையும் ஒரே நிலப்பரப்பிற் காண்கிறான்; பசுமை முடியுமிடத்திலேயே பாலை தொடங்கும் விந்தையை எந்தப் பாடநூலும் இத்துணைத் தெளிவாக உணர்த்தியதில்லை. ஆயினும் அலெக்சாந்திரியாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கீசாவைக் குதிரையேறிச் சில நிமிடங்களில் அடைந்துவிடுகிறான். கல்வி இதற்குப் பணியவில்லை. விளையாட்டின் விரைவுக்குக் கல்வி பணிந்தது.

இதனினும் முக்கியமானது கூபு மன்னனின் பெரும் பிரமிட்டு. கற்களை மேலேற்றுதற்கு அதன் உள்ளேயே சுற்றிச் செல்லும் சாய்தளம் இருந்ததென்பது பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் சான் பியேர் உடினின் கொள்கை. எகிப்தியல் அறிஞருட் பெரும்பாலார் அதனை ஏற்றிலர். 2017இல் அப்பிரமிட்டினுள் பெரிய வெற்றிடமொன்று அறியப்பட்டதாயினும், அது யாதென்பது அதனால் முடிவாகவில்லை. விளையாட்டிலோ உடின் கருதிய வழிகளும் அறைகளும் கல்லாகவே நிற்கின்றன. அவற்றுள் நடந்தும் செல்லலாம். நூலாசிரியன் ஒருவன் இக்கொள்கையை எழுதினால் ‘என்பர்’ என்பான், ‘போலும்’ என்பான், ‘துணிதற்கில்லை’ என்பான். காட்சிக்கு ‘போலும்’ என்னும் இடைச்சொல் இல்லை. ஐயத்திற்குரிய கல்லும் அளந்தறிந்த கல்லும் ஒரே வெயிலில், ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. ஆக்கியோர் தம் தெரிவுகள் சிலவற்றை விளக்கவுரைகளில் வெளிப்பட உரைத்துள்ளனர் என்பது மெய். ஆனால் உரையைக் கேளாமலே கடந்து செல்லலாம்; கண்டதை மறப்பது எளிதன்று.

இன்னுமொன்று: அதே கல்விப் பதிப்பில், ஆடையற்ற சிலைகளின் மறைவிடங்களைச் சிப்பிகளால் மூடியிருக்கின்றனர். சண்டை விளையாட்டிற்கு வேண்டாத சிப்பி பாடத்திற்கு ஏன் வேண்டியதாயிற்று? பழம் பொருளை உள்ளவாறே காட்டுவதாகக் கூறும் படைப்பொன்றில் இது நகைப்பிற்கிடமானது.

இதே நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு விளையாட்டொன்று பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிசைக் காட்டுகிறது. அதில் நோத்ர தாம் பேராலயத்தின் மீது 19ஆம் நூற்றாண்டில் வியொலே லெ தூக்கு எழுப்பிய கூர்ங்கோபுரம் நிற்கின்றது. இன்றையோர் கண்ணுக்குப் பழகிய உருவம் வேண்டுமென்பதற்காகக் காலம் பிறழ வைக்கப்பட்டது அது. 2019 ஏப்பிரல் 15இல் அக்கோபுரம் தீயில் வீழ்ந்தபோது, மீளக் கட்டுதற்கு இவ்விளையாட்டே உதவும் என்ற பேச்சுப் பரவிற்று. உதவியவை அன்ரூ தாலன் என்னும் கலைவரலாற்று ஆசிரியர் முன்னரே லேசர்க் கதிரால் எடுத்துவைத்தவை போன்ற அளவுகளே. பொதுமக்கள் அளவையும் கற்பனையையும் பிரித்தறியாமற் போவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கல்லாற் கட்டுவோர்க்கு இவ்விடர் முன்னரே தெரியும். புதிதாகச் சேர்க்கும் பகுதி, முழுமையோடு இசைந்து நிற்பினும், பழையதினின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல்வேண்டும் என 1964ஆம் ஆண்டின் வெனிசுப் பட்டயம் விதித்தது. 2006இல் தோன்றிய இலண்டன் பட்டயம், ஊகம் எது, சான்று எது என்பதைக் கணினிக் காட்சிகளிலும் பதிந்துவைக்குமாறு கேட்கின்றது. விளையாட்டு இயக்கிக்கு இது கடினமான வேலையன்று. ஒரு பொத்தானை அழுத்தியதும் அளந்த கற்கள் ஒரு நிறத்திலும், ஒப்புமையாற் சேர்த்தவை வேறொரு நிறத்திலும், வெறும் ஊகம் வெளிறியும் தோன்றச் செய்யலாம். அவ்வாறு செய்தால் மாயம் குலையும் என ஆக்கியோர் அஞ்சுவர் போலும்.

அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களால் இடிந்து 14ஆம் நூற்றாண்டளவில் அழிந்தொழிந்தது. அதன் கற்கள் கடலடியிற் கிடப்பதை 1994 முதல் சான் ஈவ் எம்பெரரின் குழுவினர் ஆராய்ந்தனர். 2025இல் அவற்றுள் 22 பெருங்கற்கள் மேலே தூக்கப்பட்டன. எழுபது எண்பது தொன் நிறையுள்ள வாயிற் கற்களும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றையும் ஒளிப்பட அளவியலாற் பதிந்து, எக்கல் எதனோடு பொருந்தும் என்பதைக் கணினியில் வைத்துப் பார்க்கும் பணி தொடங்கிற்று. யூபிசொப்ற் விளையாட்டில் அதே கலங்கரை விளக்கம் 2017இலேயே உச்சிவரை கட்டி முடிந்து, தீயும் ஏற்றப்பட்டுவிட்டது.