240-க்கு மேலே எதற்கு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கிழக்குக் கடற்கரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சென்னைக் காசிமேட்டில் பலகை மாற்றுவது, வலை சரிபார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் அதோடு சேர்ந்துகொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதை இறக்குகிறார்கள். பக்கத்துப் படகு 300 குதிரைத்திறன் போட்டால் நமக்கு 350 வேண்டும்; அவ்வளவுதான் கணக்கு.

விசைப்படகு என்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள். இந்த வரம்பு ஆழ்கடலுக்குப் போகிறவன் காலைக் கட்டிப்போடுகிறது, தளர்த்த வேண்டும் என்று ஒரு வாதம் வலுத்து வருகிறது. மீனவர்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் அதைச் சொல்கிறார்கள். அதனாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கரையோரம் மீன் குறைந்துவிட்டது, தூரம் போயே ஆக வேண்டும். பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தங்கு கடலுக்குப் போகிற படகு ஐஸும் டீசலும் தண்ணீரும் சுமக்கிறது. எதிர்க்காற்றில் மூச்சு வாங்குகிற சின்ன என்ஜினால் ஆளுக்கும் ஆபத்து, படகுக்கும் ஆபத்து. ஏலத்துக்கு முதலில் வருகிற மீனுக்கு விலை உண்டு என்பதும் உண்மை.

ஆனால் இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு நெடுநாளாக உள்ள ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. படகின் வேகத்தைத் தீர்மானிப்பது முதலில் அதன் உடல்; என்ஜின் அதற்கு அப்புறம். தண்ணீரைக் கிழித்துப் போகிற கனமான படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையைப் போட்டுவிடுகிறது. 60 அடிப் படகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 10 நாட், அதாவது மணிக்கு 10 கடல் மைல். அதை நெருங்க நெருங்க, கொடுக்கிற சக்தியெல்லாம் முன்னால் அலையை எழுப்பவும் பின்னால் படகை அமுக்கவுமே போகிறது. ஓட்டுகிறவருக்கு இது தெரியாததல்ல. திராட்டிலை முழுக்கத் தள்ளினால் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு தூக்கி, கரும்புகை கக்கி, வேகம் மட்டும் ஏறாமல் நிற்கும் அந்த நிலையை அவர் தினமும் பார்க்கிறார்.

கணக்கையே பார்ப்போம். வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 நாட்டில் போகும் படகை 10 நாட்டில் ஓட்ட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். 40 கடல் மைல் தூரத்துக்கு 8 நாட்டில் 5 மணி நேரம், 10 நாட்டில் 4 மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக, 100 லிட்டர் எரியும் இடத்தில் 150 லிட்டருக்கு மேல் எரிகிறது. எல்லையை நெருங்கும்போது நிலைமை இதைவிட மோசம்.

முழுச் சுமையில் 240 குதிரைத்திறன் டீசல் என்ஜின் மணிக்குச் சுமார் 45 லிட்டர் குடிக்கும். 400 குதிரைத்திறன் என்றால் 75 லிட்டர். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசலை 19,000 லிட்டராக உயர்த்துவதாக அரசு 2023-இல் அறிவித்தது. பெரிய என்ஜினை இரவு பகலாக முழு வேகத்தில் ஓட்டினால் அந்த ஒரு வருஷத்து ஒதுக்கீடு பத்தரை நாளில் காலி.

இந்த டீசல் செலவை யார் கட்டுகிறார்கள்? என்ஜின் வாங்கியவர் மட்டும் கட்டினால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. டீசல், ஐஸ், ரேஷன் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிக்கிறார்கள். வேகத்துக்காகக் கூடுதலாக எரிகிற ஒவ்வொரு லிட்டரும் மடிவலை இழுக்கிற ஆளின் பங்கிலிருந்தும் போகிறது. எந்த என்ஜின் வாங்கலாம் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இழுக்கத்தான் சக்தி வேண்டும் என்பார்கள். மடி இழுக்கும்போது படகு 3, 4 நாட்டுக்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தில் இழுவையைத் தருவது விசிறியின் (புரொப்பெல்லரின்) விட்டம், அதன் பிட்ச், கியர்பாக்ஸின் குறைப்பு விகிதம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். நடப்பது வேறு. புது என்ஜின் வரும், பழைய ஷாஃப்ட்டும் பழைய விசிறியும் அப்படியே இருக்கும். வாங்கிய சக்தியில் ஒரு பகுதி தண்ணீரைக் கலக்குவதோடு சரி. இந்தப் பொருத்தத்தைச் சரிசெய்தாலே பல படகுகளுக்குப் புது என்ஜின் தேவைப்படாது.

பெரிய என்ஜின் மோகத்துக்கு, லாரி என்ஜின் கணக்கை அப்படியே கடலுக்குக் கொண்டுவருவதும் ஒரு காரணம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடும் பிக்அப் வண்டிக்கு முழுச் சக்தி கிளம்பும்போதும் பாலம் ஏறும்போதும் மட்டும் போதும். அந்தச் சில நொடிகளுக்காகக் கொஞ்சம் பெரிய என்ஜினாக வாங்குவதில் தப்பில்லை. படகு என்ஜினோ மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓடுகிறது. அதனால்தான் லாரியில் ஓடும் அதே ஆறு சிலிண்டர் என்ஜினுக்குக் கடலில் தொடர்ந்து ஓட்டக் குறைவான குதிரைத்திறன் குறிக்கிறார்கள். பக்கத்து எண்ணூர் லேலண்ட் என்ஜினை இத்தனை காலம் ஓட்டிய ஊருக்கு இது புதிதல்ல.

புயலுக்கு முன் கரை சேர வேகம் வேண்டும் என்பது வரம்பைத் தளர்த்தச் சொல்கிறவர்களின் கடைசி வாதம். உயிரைப் பற்றியது என்பதால் அதை மரியாதையோடு கேட்கிறேன். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடலோரம் கேட்டது, எச்சரிக்கை ஏன் நேரத்தில் வரவில்லை என்றுதான். 100 கடல் மைலில் இருக்கும் படகு 9 நாட்டில் சுமார் 11 மணி நேரத்தில் கரை சேரும், 12 நாட்டில் சுமார் எட்டேகால் மணி நேரத்தில் சேரும். ஒரு நாள் முன்னதாகக் கிடைக்கும் தகவல் இந்த மூன்று மணி நேரத்தைவிட எவ்வளவோ பெரிது. ஆழ்கடலுக்குப் பெரிய என்ஜின் கட்டாயம் என்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களையும் பார்க்க வேண்டும். நாட்டிலேயே நெடுந்தூரம் போகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய தூண்டிலுக்கு மடி இழுக்கும் சக்தி வேண்டியதில்லை.

பெரிய என்ஜின் வந்த பின் அதற்கேற்ற பெரிய மடி வருகிறது. கடனை அடைக்க அதிக மீன் வேண்டும். மற்றவன் வருவதற்குள் அதே இடத்தை வாரியாக வேண்டும். பெரிய சீன என்ஜின் போட்ட படகுகளை எதிர்த்துக் காசிமேட்டு மீனவர்களே மறியலில் இறங்கியது இந்த வயிற்றெரிச்சலில்தான். சின்ன என்ஜின்காரன் பொறாமையில் பேசுகிறான் என்று அதை ஒதுக்கியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரே கடல், ஒரே மீன். ஒருவன் குதிரைத்திறனைக் கூட்டினால் மற்றவனும் கூட்டியாக வேண்டும். கடைசியில் எல்லோருடைய டீசல் செலவும் ஏறுகிறது, மீன் ஏறுவதில்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. என்ஜின் தகட்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அளந்தால் போதாது. எரிபொருள் பம்ப்பைத் திருகி அந்த எண்ணைத் தாண்ட முடியும். தடைக்கால ஆய்வுக்கு வருகிற மீன்வளத் துறை அதிகாரிகள் பம்ப்பையும் கியரையும் விசிறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரம்பை உயர்த்தும் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

படகு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடைக்காலத்தில் என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், போன சீசன் டீசல் பில்லை எடுத்துவைத்து, 8 நாட்டுக்கு எவ்வளவு, 10 நாட்டுக்கு எவ்வளவு என்று பங்குக்காரர்களை எதிரில் உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் சரி என்றால் வாங்குங்கள்.