அயல்மொழித் திரைப்படமும் கோவைக் காண்போரும்

தலைநகரல்லாத ஊர்களில் அயல்நாட்டு நற்படங்கள் காணக் கிடைப்பதில்லை என்பது நெடுநாளாகக் கேட்கப்படும் குறை. கோயம்புத்தூரைப் பொறுத்தமட்டில் இக்குறை முழுதும் உண்மையன்று, முழுதும் பொய்யுமன்று. படம் கிடைப்பது வேறு. கிடைத்த படம் விளங்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த மயக்கத்தை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

கோவையின் திரைப்பட வரலாறே அயல்நாட்டுப் படத்தில் தொடங்குவது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கோவையிற் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலில் இருந்த காலை, 1905-ஆம் ஆண்டில், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுநாதர் வாழ்க்கையைக் கூறும் படம் அவற்றுள் ஒன்று. ஊர்தோறும் கூடாரம் அடித்துக் காட்டிவந்த அவர், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை எழுப்பினார். அரங்கின் பெயர் இன்றும் அங்குள்ள சாலையின் பெயராக வழங்குகின்றது.

அந்நாளைய படங்கள் ஊமைப்படங்கள். இடையிடையே தோன்றும் எழுத்துகளோ பிறமொழியின. ஆயினும் எழுத்தறியாதாரும் அவற்றைச் சுவைத்தனர். தமிழ்நாட்டு ஊமைப்பட அரங்குகளில் திரையின் அருகே ஒருவர் நின்று, நிகழ்வனவற்றை உரத்த குரலில் தமிழில் விளக்கிச் சொல்லும் வழக்கம் இருந்ததே அதற்குக் காரணம். அவர் சொன்னவை யாவும் படத்தில் இருந்தவைதாமா என்பது ஐயமே. எனினும் படத்திற்கும் காண்போர்க்கும் இடையே தமிழறிந்த ஒருவர் நின்றார் என்பது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து பேசும்படக் காலம் பிறந்தது. பின்னர்ச் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் கோவையைப் படமெடுக்கும் ஊராக்கின. ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் படைப்பே. தமிழ்ப்படம் தானே பேசத் தொடங்கியபின் விளக்குவோர்க்கு வேலையில்லை. அவர் விலகினார்; அவர் விலகிய அன்றே அயல்மொழிப் படத்தின் வாயிலும் பெரும்பாலார்க்கு அடைபட்டது.

1952-இல் பம்பாயில் தொடங்கிய முதல் இந்திய அனைத்துலகத் திரைப்பட விழா, பின்னர்ச் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய பெருநகரங்களுக்கும் சென்றது. டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’, குரோசவாவின் ‘ராஷோமோன்’ முதலியவற்றை இந்நாட்டார் கண்டது அவ்விழாவிலேயே. கோவை அவ்வழியில் இல்லை. கல்கத்தாவில் 1947-இல் சத்யஜித் ராய் முதலியோர் திரைப்படக் கழகம் கண்டனர். 1959-இல் அத்தகைய கழகங்களின் கூட்டமைப்பும் தோன்றிற்று. அவ்வியக்கத்தின் வழிவந்ததே கோவையின் ‘கோணங்கள்’ திரைப்படக் கழகம். பெர்க்ஸ் பள்ளியின் சிற்றரங்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உலகப் படங்களை அது திரையிட்டு வந்தது. பஞ்சாலை ஊர் என்றும் வணிக ஊர் என்றும் மட்டுமே பேசப்படும் நகரில் இத்தகைய பணி நடந்தது பாராட்டிற்குரியது. அதனைப் பாராட்டுவதோடு அமையாமல், அங்கும் பிறவிடங்களிலும் படத்தின் அடியில் ஓடிய எழுத்து எம்மொழி எழுத்து என்றும் நாம் வினவுதல் வேண்டும். பெரும்பாலும் அஃது ஆங்கிலமே.

இன்று மூபி போன்ற இணையத் தளங்கள் வந்தபின், படம் கிடைக்கவில்லை என்னும் குறை பெரிதும் நீங்கிற்று. காந்திபுரத்து அறையொன்றிலிருந்தே ஈரானியப் படத்தையும் ஜப்பானியப் படத்தையும் காணலாம். தென்கொரியத் தொடர்கள் சில தமிழ்க் குரலிலேயே ஒலிக்கின்றன. ஓசு போன்றோரின் படங்களுக்கோ அப்பேறு வாய்ப்பது அரிது. ஆகவே ஆங்கிலம் விரைந்து படிக்கவல்லார்க்கே அவை உரியனவாகின்றன.

திரைப்படம் கண்ணுக்குரிய கலை. அதற்கு மொழி எதற்கு என்பர் சிலர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் மிதிவண்டியை மீட்பதற்காகப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கின்றனர். அடகுக் கடையாள் அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு வானளாவிய அடுக்குகளின்மேல் ஏறுகின்றான்; அங்கே முன்னரே எண்ணற்ற மூட்டைகள். வேலைக்கு மிதிவண்டியையே நம்பிய ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ இக்காட்சிக்கு உரை வேண்டா.

ஓசுவின் ‘தோக்கியோ கதை’ (1953) அத்தகையதன்று. ஓனோமிச்சி என்னும் சிற்றூரிலிருந்து முதிய பெற்றோர் தலைநகரில் வாழும் மக்களைக் காண வருகின்றனர். பெற்ற மக்களுக்கு அவர்களைப் பேணப் பொழுதில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோவே அன்போடு பேணுகின்றாள். பெற்ற மகளின் பேச்சு வெடுக்கென்று வருவது. மருமகளின் பேச்சு முழுதும் மதிப்புச் சொற்களால் இயன்றது. முதியோர் பேச்சிலோ ஊர்வழக்கு மணக்கின்றது. ஆங்கில எழுத்தில் இவ்வேறுபாடுகள் பெரிதும் மறைகின்றன. அம்மொழியில் முன்னிலைக்கு ஒரே சொல். அச்சொல்லால் எல்லாரும் எல்லாரையும் அழைக்கின்றனர்.

தமிழில் நீ என்பதும் நீங்கள் என்பதும் உள. கொங்கு வழக்கிலோ ‘ங்க’ என்னும் ஓரசையே பேச்சு முழுதும் மதிப்பைப் பரப்பவல்லது. ‘ஏனுங்க, வாங்க, சாப்டுங்க’ என்று மாமனாரை வரவேற்கும் மருமகளைக் கண்ட நாட்டார்க்கு, நோரிகோவின் மொழி ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் அணுக்கமாக விளங்கும். அதற்காகப் படம் முழுவதையும் கொங்குத் தமிழில் பெயர்த்தால் ஓனோமிச்சி பொள்ளாச்சியாகிவிடும் என்பதையும் நாம் உணர்ந்தே கூறுகின்றோம். முதியோர் இருவர்க்கு மட்டும் ஊர்வழக்கின் சாயல் அமைதல் போதும். தமிழ்ச் சொற்களின் நீளம் மற்றோர் இடர். திரையில் ஈரடிக்குமேல் இடமில்லை. சில நொடிக்குமேல் பொழுதில்லை. செந்தமிழ் வினைமுற்றுகள் ஈண்டு நிரம்பா. பேச்சுவழக்கின் சுருக்கமே துணை.

மூலத்தை அதன் காலத்தாரல்லாதார்க்கு விளக்கும் தொழில் தமிழ்த்துறைகளுக்குப் புதிதன்று. இளம்பூரணரும் பரிமேலழகரும் செய்தது அதுவே. பல்கலைக்கழகத் தமிழ் மாணாக்கர் ஆண்டுக்கு ஒரு படத்திற்கேனும் ஜப்பானியமோ பாரசீகமோ அறிந்தார் துணையுடன் தமிழ் எழுத்து அமைப்பாராயின், பாடநூற் பயிற்சியினும் அது கடினமான பயிற்சியாகும்.

ஒரு சொல்லால் இதனைக் காட்டலாம். ‘தோக்கியோ கதை’யின் இறுதிப் பகுதியில், மறுமணம் செய்துகொள்ளுமாறு நோரிகோவிடம் மாமனார் கூறி, இறந்த மனைவியின் கைக்கடிகாரத்தை அவளுக்குத் தருகின்றார். அவள் நல்லவள் என்று அவர் புகழ, அவள் அதனை மறுத்துத் தன்னைக் குறித்து ‘ஜுருய்’ என்னும் சொல்லைக் கூறுகின்றாள். ஆங்கிலத்தில் இது தன்னலமுடையவள் என்னும் பொருள்படப் பெயர்க்கப்பட்டு வருகின்றது. மூலச்சொல்லின் பொருளோ உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டும் தன்மையை நோக்கிச் செல்கின்றது. கணவனை எந்நேரமும் நினைத்திருப்பதாகப் பிறர் எண்ண, நினையாத நாள்களும் உண்டு என்பதே அவள் ஒப்புக்கொள்ளும் செய்தி. தன்னலம் என்றால் அவள் குற்றம் வேறாகிவிடும். ‘வஞ்சகி’ என்பது மிகை. ‘சூதுடையவள்’ என்பது ஏட்டுநடை. ‘நான் கள்ளிங்க’ என்பது நெருங்கி வருகின்றது. ஆயின் கொஞ்சுமொழியாகவும் ஒலிக்கின்றது.