பாதாம் மாவுக்கு நாக்கைப் பழக்குவது எப்படி?

ஆரணிப் பட்டின் அருமை தெரிந்தவர்கள் அதைக் காஞ்சிப் பட்டோடு சேர்த்து எடைபோட மாட்டார்கள். காஞ்சிச் சேலையின் கனம் ஆரணிச் சேலையில் இருக்காது. இலேசாக இருக்கும், நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் உடம்புக்குப் பாரமாகத் தெரியாது. அதற்காகவே தேடி வந்து வாங்குகிறார்கள். 2008-ல் புவிசார் குறியீடும் ஆரணிப் பட்டு என்ற அதன் சொந்தப் பெயரிலேயே கிடைத்தது. மாவுச்சத்தைக் குறைக்க வேண்டி பாதாம் மாவில் கேக்கும் ரொட்டியும் சுடத் தொடங்கியிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: அதில் மைதாவைத் தேடாதீர்கள். தேடினால் கிடைக்காது. கிடைக்காத ஒன்றை நினைத்துக்கொண்டே தின்றால், தட்டில் இருப்பதன் ருசியும் தெரியாமல் போய்விடும்.

ஆரணியில் இதைச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பட்டுக்கு அடுத்தபடி இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அரிசி. சென்னையில் எந்த அரிசிக் கடைக்குப் போனாலும் ஆரணிப் பொன்னி மூட்டை இருக்கும். பக்கத்துக் களம்பூரின் பெயரும் மூட்டைகளில் இருக்கும். அரிசி வயிற்றுக்கு மட்டுமல்ல, தறிக்கும் வேண்டும். பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு இழைக்கு விறைப்பு ஏற்றுவது நெசவில் பழைய வழக்கம். இப்படிச் சோறே வாழ்க்கையாக இருக்கும் ஊரில் சோற்றைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மனம் ஒடியத்தான் செய்யும்.

ஆனால் சீட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம், ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த கட்டுரை, இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. காலையிலிருந்து மாலைவரை குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு நடமாட்டம் குறைவு. நடுநடுவே தேநீரும் பிஸ்கட்டும் வேறு. அந்த பிஸ்கட்டின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்குத்தான் பாதாம் மாவு ஒரு நல்ல பதில்.

பாதாமைக் காலைச் சாப்பாடாகவே தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தியது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறையின் அலை, கடந்த பத்தாண்டில் பரவியது. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூலைப் படித்துவிட்டு 100 பாதாமை எண்ணி ஊறவைத்து, நெய்யில் வறுத்துத் தின்றவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கணக்குப் பார்த்தால் 100 பாதாம் என்பது சுமார் 120 கிராம். அதில் மாவுச்சத்து 26 கிராம். அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. அதே எடை மைதாவில் மாவுச்சத்து 90 கிராமைத் தாண்டிவிடும். முழுதாக மென்றவர்கள் கொஞ்ச நாளில் அலுத்துப்போய் அரைக்கத் தொடங்கினார்கள். அடை, ரொட்டி, கேக், முறுக்கு என்று எல்லாவற்றிலும் பாதாம் பொடி புகுந்தது அப்படித்தான்.

இது நமக்குப் புதிய ருசி என்று நினைப்பதுதான் பெரிய தடை. கல்யாண வீட்டில் இலை ஓரத்தில் வைக்கும் பாதாம் அல்வாவை நினைத்துப் பாருங்கள். அதில் மைதாவும் இல்லை, ரவையும் இல்லை, அரிசி மாவும் இல்லை. அரைத்த பாதாமும் சர்க்கரையும் நெய்யும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. நாக்கில் மணல் மணலாகத் தொடங்கி, பிறகு நெய்யோடு கரைந்து போகும் அந்தப் பதம் நமக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். உலகத்திலும் இதற்கு உறவுகள் உண்டு. ஸ்பெயினின் கலீசியாவில் சுடும் சந்தியாகோ கேக் முழுக்க அரைத்த பாதாமும் முட்டையும் சர்க்கரையும்தான். பாதாம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று அதன் புவிசார் குறியீட்டு விதியே சொல்கிறது. இத்தாலியின் காப்ரித் தீவில் சாக்லேட்டும் பாதாமும் சேர்த்து மைதா இல்லாமல் ஒரு கேக் சுடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மக்கரோனும் பாதாம் பொடியில் செய்வதுதான். இவற்றில் எதையும் நோயாளிக்கான பண்டமாக யாரும் செய்யவில்லை, ருசிக்காகவே செய்தார்கள். சர்க்கரையைக் குறைப்பது மட்டுமே நாம் புதிதாகச் செய்யும் காரியம்.

சரி, வாயில் வைக்கும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் ரசிப்பு கூடும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதன் புரதங்கள் இணைந்து க்ளூட்டன் என்ற வலையாகின்றன. பிசைந்த மாவு இழுபடுவதும், உள்ளே காற்று தங்கி பன் உப்புவதும் அதனால்தான். பாதாமில் அந்த வலை கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் உண்டாகாது. அதனால் முட்டையின் புரதம் சூட்டில் இறுகி அந்த வேலையைப் பார்க்கிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் இசப்கோல் கைகொடுக்கும். தண்ணீர் பட்டதும் அது பசைபோலாகி மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் இசப்கோலை நம்பி உயரமான கேக் சுட வேண்டாம் என்பது என் கருத்து. ரொட்டி, பிஸ்கட், வடை மாதிரித் தட்டையான பண்டங்களுக்கு அது சரியான துணை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மைதா ரொட்டி மறுநாள் விறைத்துப் போவதற்கு முக்கியக் காரணம், வெந்த மாவுச்சத்து ஆறியபின் மறுபடி இறுகுவது. பாதாமில் அந்த மாவுச்சத்து மிகக் குறைவு; எண்ணெயோ பாதிக்குப் பாதி. அதனால் பாதாம் கேக் சுட்ட அன்றைக்கு ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் இருக்கும். மறுநாள்தான் நன்றாக இருக்கும். ஈரமும் எண்ணெயும் ஒரே சீராகப் பரவி, முதல் நாள் உதிர்ந்த துண்டு அப்போது கத்திக்கு ஒழுங்காக வெட்டுப்படும். சூடாகத் தின்றே பழகிய நமக்கு இந்தப் பொறுமை கஷ்டம். இருந்தாலும் ஒரு முறை ராத்திரி முழுக்க மூடி வைத்துப் பாருங்கள்.

பொடியில்தான் பாதி ருசி இருக்கிறது. தோலோடு அரைத்தால் பழுப்பாக, கொஞ்சம் துவர்ப்போடு இருக்கும். அடைக்கும் காரப் பண்டத்துக்கும் அது எடுப்பு. கேக்குக்குத் தோல் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால், இரண்டு விரலால் அழுத்தியதும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைத் துணியில் பரப்பி ஈரம் சுத்தமாகப் போகும்வரை உலர்த்த வேண்டும். மிக்ஸியில் சிறிய ஜாரில் பாதி அளவுக்குப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகி, பருப்பு எண்ணெய் விட்டுப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது மாவல்ல, பாதாம் வெண்ணெய். சலித்து, மேலே தங்கும் குருணையை மட்டும் அடுத்த நடைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். சரியான பொடியைக் கையில் எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டைபோலப் பிடிபடும். விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். மூக்கருகே கொண்டு போங்கள். இலேசான பால் வாசமும் பருப்பு வாசமும் வரவேண்டும். காறல் வாடை அடித்தால் பாதாம் பழசு, எந்த ஏலக்காயும் அதை மறைக்காது. கடையில் பாக்கெட்டில் விற்கும் பொடியைவிட முழுப் பருப்பை வாங்கி அரைப்பதையே நான் விரும்புவது இதனால்தான். மீந்த பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேக்குக்கு ஓர் எளிய அளவு: 200 கிராம் பாதாம் பொடி, நான்கு முட்டை, 75 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். இனிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முட்டையை நுரை வர அடித்தபின் மற்றதைச் சேர்த்தால் போதும். ஓவனில் 160 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். பாதாம் மைதாவைவிடச் சீக்கிரம் சிவக்கும், மேலே நிறம் வந்துவிட்டதே என்று எடுத்தால் நடுவில் வெந்திருக்காது. 35 முதல் 40 நிமிடம் ஆகும். ஓவன் இல்லாத வீட்டில் பழைய குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, சிறு தீயில் வைத்தாலும் நன்றாக வரும். நேரம் மட்டும் கொஞ்சம் கூடும்.

இப்போது தின்னும் முறை. வெட்டிய துண்டின் பக்கவாட்டைப் பாருங்கள். பெரிய துளைகள் இருக்காது. நெருக்கமாக, நுண்ணிய மணியாகத் தெரியும், அதுதான் இதன் அழகு. விரலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒட்டும். வாயில் போட்டதும் அவசரமாக விழுங்காதீர்கள். மைதா கேக் எச்சிலில் குழைந்து சட்டென்று இனிக்கும். பாதாம் அப்படிக் குழையாது. முதலில் உதிரும், பிறகு கொழுப்பு மெதுவாக இளகும், அதற்கப்புறம்தான் பருப்பின் சொந்த இனிப்பு தலைகாட்டும். அந்த இனிப்பு வரும்வரை மென்றவருக்கு அடுத்த துண்டில் தித்திப்பு குறைவாக இருந்தாலும் போதும். பக்கத்தில் சர்க்கரை போடாத டிகாஷன் காபி இருந்தால் அதன் கசப்பும் இந்தக் கொழுப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஒரு துண்டே வயிற்றை நிறைக்கும். 100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி இருக்கிறது என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லதும்கூட.

காரப் பக்கத்தில் இது இன்னும் நன்றாகவே நடந்துகொள்கிறது. ஒரு கப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல், உப்பு, சீரகம் சேர்த்து வெந்நீரில் பிசைந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, தோசைக்கல்லில் சிறு தீயில் சுட வேண்டும். சப்பாத்தி மாதிரி இழுத்துக் கிழிக்க வராது, பிட்டு எடுத்துத்தான் தின்ன வேண்டும். பருப்புக் குழம்பை இதோடு சேர்க்காதீர்கள், இரண்டும் மந்தம். புளிப்பும் காரமும் தூக்கலான பூண்டுக் குழம்போ, தக்காளித் தொக்கோ, மீன் குழம்போ இருந்தால் ரொட்டியின் கொழுப்பு அதைத் தணித்து வாங்கிக்கொள்ளும்.

இனிப்பு விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். பாதாம் மாவில் நாட்டுச் சர்க்கரையையும் கருப்பட்டியையும் கொட்டிவிட்டுக் ‘குறைந்த மாவுச்சத்து’ என்று பெயர் வைப்பது தவறு. இரத்தத்தில் சர்க்கரை ஏற்றுவதில் அவையும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளியை நம்பவைத்து இதை விற்பது எனக்குக் கோபம் தருகிறது. ஸ்டீவியா கூடினால் கசக்கும். எரித்ரிட்டால் போட்டால் நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும், ஆறியபின் நறநறக்கவும் செய்யும். எதைப் போட்டாலும் குறைவாகப் போடுங்கள். ஏலக்காயும் ஜாதிக்காயும் ஆரஞ்சுத் தோல் துருவலும் தரும் வாசமே இனிப்பு இருப்பதாக நாக்கை நம்பவைக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால், மருந்தின் வேகத்தில் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொண்ட பிறகே தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் இறங்க வேண்டாம்.

விலைதான் கடைசித் தடை. நமக்கு வரும் பாதாமில் பெரும்பகுதி கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வருகிறது. கூலிக்கு நெய்கிற வீட்டில் தினமும் பாதாம் அரைக்க முடியாது. ஆனால் ஆரணியைச் சுற்றி, போளூர், செய்யாறு என்று எங்கு பார்த்தாலும் வேர்க்கடலைதான். 100 கிராம் கடலையில் மாவுச்சத்து 16 கிராம், பாதாமைவிடக் குறைவு. புரதமோ அதைவிட அதிகம். வறுத்துத் தோல் நீக்கி, இதே போல விட்டு விட்டு அரைத்துச் சலித்தால், பிஸ்கட்டுக்கும் ரொட்டிக்கும் பாதாம் பொடியின் இடத்தில் அப்படியே போடலாம். வாசம் முரட்டுத்தனமாக இருக்கும் என்பதால் ஏலக்காய்க்குப் பதில் சுக்கும் மிளகும் பொருந்தும். வாங்கும்போது சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் கைவிட்டுப் பொறுக்கித் தள்ளுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. புதுக்கடலை வரத்து இருக்கும் நாளில் வாங்கி, முதலில் ஒரு படி மட்டும் அரைத்துப் பாருங்கள்.