வளவில் இறங்கும் மழை

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் ரயிலில் சிறிது தூரம் கடந்ததும் ‘செட்டிநாடு’ என்ற பலகை வரும். இறங்கி விசாரித்தால் ஊரின் பெயர் கானாடுகாத்தான். ஒரு சீமையின் பெயரையே தன் ஸ்டேஷனுக்கு வைத்துக்கொண்ட சின்னப் பேரூராட்சி. மிடுக்குத்தான்!

தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேர். முகப்பு ஒரு தெருவில் என்றால், அதே வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையும் இங்கேதான். வருகிற கூட்டம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எனக்கென்னவோ பெயர் பெறாத வீடுகளின் வளவில்தான் ஊரின் சரித்திரம் படிக்கக் கிடைக்கிறது.

வளவு என்றால் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானதும் செட்டியார்கள் ‘வேறு வைத்து’ விடுவார்கள். கூரை அதேதான், அடுப்பு தனி, கணக்கு தனி. அன்றிலிருந்து அவர்கள் கோயில் ஏட்டில் ஒரு ‘புள்ளி’. கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒன்று! வட்டித் தொழில்காரர்கள் எழுதிய எண்களிலேயே அழகானது இதுதான் என்பேன்.

அந்தப் புள்ளியில் பாதி பல காலம் கடல் தாண்டிக் கிடந்தது. ‘கொண்டுவிற்க’, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர் ரங்கூனில், சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில். தேக்கு அங்கிருந்து கப்பலில் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்களிடம் சேர்ந்தது. தூணைத் தடவும்போது அதுவும் கைக்குத் தட்டுப்படத்தான் செய்கிறது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் அந்த வரவு நின்றது.

நிற்காத வரவு மழைதான். வறண்ட பூமி, ஆகவே ஓட்டுக் கூரை நாலு புறமும் உள்நோக்கிச் சரிந்து, பெய்த துளியை வளவுக்குள் இறக்கும். கூரை மூலைக்குக் கீழே அண்டா. மிஞ்சியது தரையின் வாட்டத்தில் ஓடி, தெருக் கால்வாய் வழியே ஊருணியைச் சேரும். ஓர் ஐப்பசி மாலையில் தூறல் தொடங்கியதுமே அண்டாவை மூலைக்கு நகர்த்தப் போனேன். தூணில் சாய்ந்திருந்த ஆச்சி கையமர்த்தினார்.

“இருங்க தம்பி, இது ஓடு கழுவுற தண்ணி. அடுத்த மழைக்கு வைக்கலாம்.”