முதல் உருப்படி: மணலியிலிருந்து எண்ணூர் வரை

கர்நாடக இசையில் பாடவும் வாசிக்கவும் இயற்றப்பட்ட ஒவ்வொன்றுக்கும் 'உருப்படி' என்பது பொதுப்பெயர். கீதம், வர்ணம், கீர்த்தனை, பதம் யாவும் அதில் அடங்கும். ஒருவரை இந்த இசைக்குள் இழுத்துவந்த முதல் உருப்படி எது என்ற கேள்வி வித்வான்களிடம் தவறாமல் கேட்கப்படுகிறது என்றாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. முதலில் கற்பிக்கப்பட்டது ஒன்று. முதலில் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை நடுவில் வைத்து, வடமேற்கே மணலியையும் வடக்கே திருவொற்றியூரையும் எண்ணூரையும் சேர்த்துப் பார்த்தால், இவ்விரண்டும் எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கின்றன என்பது புலப்படும். இன்று கற்பிக்கப்படும் தொடக்க உருப்படிகளில் பெயர்பெற்ற சில இந்தக் கரையோடு பிணைந்தவை. கச்சேரி உலகின் வரைபடத்திலோ இந்தக் கரையே இல்லை.

சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இசைக்குப் பெயர்போன ஊராக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய முத்துகிருஷ்ண முதலியாரும் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை அங்கே வரவழைத்து ஆதரித்தனர். அக்குடும்பத்தின் மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர், புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்பகுதியை, அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஏறத்தாழ 40 உருப்படிகள் கொண்ட அத்தொகுதி 'நோட்டுஸ்வரம்' என்று வழங்குகிறது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே சூழலில் ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது என்பதை நினைத்தால், மணலியில் நடந்தது சிறிய காரியமல்ல.

நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் அமைந்தவை. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலுக்கு ஈடான ராகம் அது. ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகம் இவற்றுக்கு ஏறக்குறையத் தேவையே இல்லை. ஸ்வரங்கள் தனித்தனியாக, படிக்கட்டில் கால் வைப்பதுபோல் வருவதால், ஏழு வயதுக் குழந்தை ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' இன்றும் தொடக்க வகுப்புகளில் கற்றுத்தரப்படுகிறது. பண்டிதர்கள் இவற்றை விளையாட்டு என்று ஒதுக்கியதுண்டு. அந்த ஒதுக்கல் சரியல்ல. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாதக்கணக்கில் பாடிச் சலித்த பிள்ளைக்குப் 'பாட்டு' என்று ஒன்று முதன்முதலாக வாயில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

திருவொற்றியூரின் கதை இன்னும் செறிவானது. தேவாரம் பாடிய மூவரின் பதிகங்களையும் பெற்ற தலம் அது. திருவையாற்றின் தியாகராஜர் (1767–1847) தம் மாணவர் வீணை குப்பையரின் அழைப்பில் அங்கு வந்து, வடிவுடையம்மன் என்று தமிழில் வழங்கும் திரிபுரசுந்தரியின்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படும் அவை கல்யாணி, ஆரபி, சாவேரி, சுத்தசாவேரி, பேகடா ஆகிய ராகங்களில் அமைந்தவை. குப்பையரும் அவர் மகன் திருவொற்றியூர்த் தியாகய்யரும் (1845–1917) பெரிதும் நினைக்கப்படுவது தானவர்ணங்களுக்காக. ஒரு ராகம் எந்தெந்தப் பிடிகளால் அடையாளம் பெறுகிறதோ அவற்றையெல்லாம் ஒரே உருப்படிக்குள் அடுக்கி, பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், சரண ஸ்வரங்கள் என்ற ஒழுங்கில் கட்டப்படுவது வர்ணம். மாணவருக்கு அது ராகத்தின் இலக்கணம். வித்வானுக்கு அன்றன்றைய சாதகம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் மேடையின் முதல் உருப்படியும் அதுவே. தியாகய்யரின் சகானா வர்ணமான 'கருணிம்ப' எத்தனை மார்கழிக் கச்சேரிகளைத் தொடங்கிவைத்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. அந்தச் சகானாவைக் கேட்டுத் தலையாட்டும் மயிலாப்பூர் ரசிகர்களில் எத்தனை பேர் திருவொற்றியூருக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

குப்பையரின் பேகடா வர்ணம் தனித்துச் சொல்லத்தக்கது. பேகடாவின் மத்தியம ஸ்வரம் வழக்கமான இடத்திலிருந்து சற்றே உயர்ந்தும், நிஷாத ஸ்வரம் சற்றே தாழ்ந்தும் ஒலிக்கும். ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த இடம் கிடைக்காது. குரு பாடக் கேட்டு, தவறி, மீண்டும் கேட்டுத்தான் அது தொண்டையில் இறங்கும். நோட்டுஸ்வரத்தின் படிக்கட்டுக்கு நேரெதிர் இது. ஒரே கரையின் இரண்டு ஊர்கள், ஒன்று ஸ்வரம் நேராக நிற்கும் உருப்படிகளையும் மற்றொன்று ஸ்வரம் நிற்காமல் நெளியும் உருப்படிகளையும் தந்திருக்கின்றன.

இவையெல்லாம் கற்றலின் கணக்கு. கேட்டலின் கணக்கு வேறு. துறைமுகம், சரக்கு லாரி, மீன் ஏலம் என்று நாள் கழியும் பகுதியில் ஒருவர் காதில் முதலில் விழும் சாஸ்திரிய இசை, திருவொற்றியூர்க் கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகசுரத்தில் எழும் மல்லாரியாக இருக்கக்கூடும். கம்பீரநாட்டையில் சொற்களின்றி வாசிக்கப்படும் அதைக் கேட்க ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை. பெரும்பான்மையோருக்குச் சினிமாதான் வாசல். 1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் இளையராஜா நாட்டுப்புற மெட்டு ஒன்றைத் தொடங்கி, அதைச் சாரமதியில் தியாகராஜ கீர்த்தனையோடு கோத்தபோது, இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவைதாம் என்ற வாதம் கச்சேரி நடத்தும் சபாவுக்குள் போகாத லட்சக்கணக்கானோரை எட்டியது. சினிமா வழியாக வந்த ரசனையைக் குறைவாக மதிப்பது சபா ரசிகர்களின் பழைய வியாதி.

இந்தக் கரையைப் பொறுத்தவரை திருப்பமாக அமைந்தது, ஜனவரி 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. புறம்போக்கு என்பது யாருக்கும் பட்டா இல்லாத, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். பேச்சில் அது வசவாகிவிட்ட சொல். கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ராகமாலிகையாக மெட்டமைத்தார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் எடுக்கப்பட்ட காட்சிகளில் பாடகர் முகமூடியோடு தோன்றுகிறார். தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் தெய்வத்தைப் பாடிப் பழகிய ராகங்கள், கழிமுகத்தையும் கழிவையும் பேசத் தொடங்கின. அந்த ராகங்களுள் பேகடாவும் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் தியாகராஜரின் கீர்த்தனையாகவும் குப்பையரின் வர்ணமாகவும் திருவொற்றியூரோடு பிணைந்த ராகம், சில கிலோமீட்டர் வடக்கே, அந்த ஊராரின் பேச்சுத் தமிழில் திரும்பிவந்திருக்கிறது. சொற்கள் ராகத்தின் நீட்டலுக்கு எல்லா இடத்திலும் இசைந்துவிட்டன என்று சொல்ல முடியாது. சில இடங்களில் முழக்கம் முந்திக்கொள்கிறது. பேகடாவை அதுவரை கேட்டறியாத ஒருவருக்கு முதல் உருப்படியாகும் தகுதியை அது எவ்வகையிலும் குறைப்பதில்லை.

இந்த முயற்சிக்கு முன்னோடியாக, பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கி, கர்நாடக இசையையும் பறையையும் கானாவையும் ஒரே மேடையில் ஏற்றியது. ஆனால் அந்தக் குப்பம் தென்சென்னையில், சபாக்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. காசிமேட்டின் நிலை வேறு. விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கித் திரும்புகின்றன. ஏலம் விடியுமுன் தொடங்கிவிடுகிறது. மார்கழி மாலையில் மயிலாப்பூர் போய் இரண்டரை மணி நேரம் உட்கார வாய்ப்பவர் இங்கே மிகச் சிலர்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்நாள்களில் விசைப்படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக்கிடக்கும், படகில் போவோர் கரையில் இருப்பார்கள்; கையில் வரும்படி குறைந்த காலம் என்பதால் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருவொற்றியூர் வர்ணங்களைப் பாடி மேடையைத் தொடங்கும் வித்வான்களும் அவர்களை அழைக்கும் சபாக்களும், அந்த 61 நாளில் ஒரு மாலையையேனும் காசிமேட்டுக்கு ஒதுக்க வேண்டும்.